பத்தாம் நம்பர் வீட்டு ஒண்டுக்குடித்தனம்: மிடி டிரம்களின் கதை

"பாட்டு நன்றாக இருக்கிறது, ஸ்னேர் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தால் தேவலை." இசைப் பதிவு செய்பவர்கள் தினமும் கேட்கும் வாக்கியம் இது. இன்றைக்குக் கணினியில் ஒரு பாட்டைத் திறந்து, ஸ்னேருக்கு உரிய திருகை லேசாகத் திருப்பினால் வேலை முடிந்தது. ஆனால் 1980-களின் நடுவிலிருந்து ஏறக்குறைய 2000 வரை, கணினி சீக்வென்சரில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சின்ன வேலை பெரிய தலைவலி. டிரம் செட் முழுவதையும் ஏற்றலாம், இறக்கலாம். அதில் ஒன்றை மட்டும் தொட வேண்டுமென்றால் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும்.

ஏன் அப்படி? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் டெக்னிக்கலாக இருக்கும். பயப்பட வேண்டாம், இதில் வரும் கணக்கெல்லாம் ஏழாம் வகுப்புக் கணக்குதான் :-)

ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு திருகு (1980)

கதையை மிடி வருவதற்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும். 1980-ல் அமெரிக்காவில் ரோஜர் லின் என்பவர் எல்.எம்.-1 என்ற டிரம் மெஷினை வெளியிட்டார். நிஜமான டிரம்களைத் தட்டிப் பதிவு செய்து, அந்தச் சத்தங்களைச் சிப்புகளில் அடைத்து வைத்த முதல் டிரம் மெஷின் அதுதான். மொத்தம் 12 சத்தங்கள். நினைவகம் அப்போது யானை விலை, குதிரை விலை. அதனால் நீண்ட நேரம் ஒலிக்கும் பெரிய சிம்பல்களுக்கு அதில் இடமே இல்லை. மெஷினின் விலை சுமார் 5,000 டாலர். செய்யப்பட்டவை ஏறத்தாழ 500 மட்டுமே.

நம் கதைக்கு முக்கியமான விஷயம் அதன் விலை அல்ல. அதில் ஒவ்வொரு டிரம்முக்கும் தனி ஒலி அளவு இருந்தது. ஒவ்வொன்றின் சுருதியையும் தனியாக ஏற்றி இறக்கலாம். பின்னால் ஒவ்வொன்றுக்கும் தனி அவுட்புட் ஓட்டை. கிக்கை ஒரு வயரிலும் ஸ்னேரை இன்னொரு வயரிலும் எடுத்து, தனித்தனியாக எபெக்ட் போடலாம். பாடகர் பிரின்ஸ் இதை வைத்து விளையாடியவர். 1984-ல் வந்த 'வென் டவ்ஸ் கிரை' பாட்டில் கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம் கேட்கும். அது ஸ்னேரின் விளிம்பில் குச்சி படும் சத்தத்தின் சுருதியைத் திருகைப் பிடித்து நன்றாக இறக்கிச் செய்தது. ஒரே ஒரு டிரம்மைத் தனியாகத் தொட முடிந்ததால் கிடைத்த சத்தம் அது.

அதே 1980-ல் ஜப்பானின் ரோலண்ட் வெளியிட்ட டி.ஆர்.-808-ல் பதிவு செய்த சத்தம் கிடையாது, எல்லாம் மின்சுற்று உண்டாக்கும் சத்தம்தான். ஆனால் அதிலும் ஒவ்வொரு டிரம்முக்கும் தனி ஒலி அளவுத் திருகு உண்டு. கிக்கின் நீளத்தைக் கூட்டலாம், ஸ்னேரின் சரசரப்பைக் குறைக்கலாம்.

ஆக, 1980-லேயே "ஸ்னேரை மட்டும் குறை" என்ற வேலை, கையை நீட்டினால் முடிகிற வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து முள் கேபிள் (1983)

அந்தக் காலத்தில் ஒரு கம்பெனி செய்த கீபோர்டு இன்னொரு கம்பெனியின் கீபோர்டோடு பேசாது. இதற்கு ஒரு பொது மொழி வேண்டும் என்று சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியின் டேவ் ஸ்மித்தும், ரோலண்டை நிறுவிய இகுதாரோ காகேஹாஷியும் முயற்சி எடுத்தார்கள். ஸ்மித் 1981-ல் தன் திட்டத்தை ஒலிப் பொறியாளர்கள் மாநாட்டில் முன்வைத்தார். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக் கருவி வணிகக் கண்காட்சியில், ஸ்மித்தின் ப்ராபெட்-600-ம் ரோலண்டின் ஜூபிடர்-6-ம் ஒரு கேபிளால் இணைக்கப்பட்டன. ஒன்றில் வாசித்தால் மற்றது ஒலித்தது. அந்த மொழியின் பெயர்தான் மிடி.

மிடி கேபிளில் சத்தம் போவதில்லை. கட்டளைதான் போகும். "இந்தக் கட்டையை, இவ்வளவு வேகத்தில் அழுத்து" என்ற செய்தி மூன்று பைட்டில் அடங்கிவிடும். முதல் பைட்டில் பாதி, என்ன கட்டளை என்பதைச் சொல்லும். மீதிப் பாதி, எந்தச் சேனலுக்கு என்பதைச் சொல்லும். பாதி பைட் என்றால் 4 பிட். 4 பிட்டில் 16 எண்கள்தான் எழுத முடியும். அதனால்தான் மிடியில் 16 சேனல். இரண்டாவது பைட் கட்டையின் எண், மூன்றாவது பைட் வெலாசிட்டி, அதாவது அழுத்திய வேகம். இரண்டும் 0 முதல் 127 வரை.

வேகத்தையும் பார்த்துவிடலாம். கேபிளில் ஒரு விநாடிக்கு 31,250 பிட் போகும். ஒரு பைட்டை அனுப்ப, தொடக்கப் பிட், முடிவுப் பிட் சேர்த்து 10 பிட் ஆகும். மூன்று பைட்டுக்கு 30 பிட். வகுத்துப் பார்த்தால் ஒரு தட்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட். கிக், ஸ்னேர், சிம்பல் மூன்றையும் "ஒரே நேரத்தில்" அடி என்று எழுதினாலும், அவை வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போகும். ரேஷன் கடை க்யூ மாதிரி.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இதை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது கீபோர்டு. ஒரு சேனல் என்றால் ஒரு வாத்தியம். அதனால் ஒலி அளவு, இட வலம், சுருதி வளைவு என்று எல்லாக் கட்டளையும் சேனலுக்குத்தான். பியானோவுக்கு இது சரியாகவே பொருந்தும். பியானோவின் நடுக் கட்டையை மட்டும் இடது ஸ்பீக்கருக்கு அனுப்ப யாரும் கேட்கப் போவதில்லை.

டிரம்முக்குப் பொருந்தாது. டிரம் செட்டில் ஒவ்வொரு கட்டையும் ஒரு தனி வாத்தியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சேனல் கொடுத்தால் 16 சேனலும் டிரம்முக்கே தீர்ந்துவிடும், வயலினும் பேஸும் தெருவில் நிற்கும். எனவே எல்லா டிரம்மையும் ஒரே சேனலில் குடி வைத்தார்கள். ஒரு வீட்டில் பத்துக் குடித்தனம், எல்லோருக்கும் ஒரே மின் மீட்டர், ஒரே மெயின் சுவிட்ச் என்பது போல. ஒரு வீட்டு விளக்கை அணைக்க நினைத்து மெயினை இழுத்தால் பத்து வீடும் இருட்டு.

பத்தாம் எண் வந்த கதை

1987-ல் ரோலண்ட் எம்.டி.-32 என்ற சின்னப் பெட்டியை வெளியிட்டது. அதில் டிரம்களுக்கு ஒதுக்கப்பட்டது 10-ஆம் சேனல். 1988-ல் வந்த 'கிங்ஸ் க்வெஸ்ட் 4' போன்ற கணினி விளையாட்டுகள் இந்தப் பெட்டிக்காக இசை எழுதின.

அந்தக் காலத்தில் எந்தக் கட்டையில் எந்த டிரம் என்பதில் பொது விதி இல்லை. ஒரு கம்பெனியின் மெஷினில் ஸ்னேர் இருக்கும் கட்டையில் இன்னொரு கம்பெனி மணியை வைத்திருக்கும். 1991-ல் வந்த ஜெனரல் மிடி இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. 10-ஆம் சேனல் டிரம்முக்கு. கட்டை 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹாட், 46 திறந்த ஹை-ஹாட். இப்படி 35-லிருந்து 81 வரை மொத்தம் 47 தாளச் சத்தங்கள். இன்றும் இந்த எண்கள்தான் புழக்கத்தில் உள்ளன.

நல்ல காரியம்தான். ஆனால் பாருங்கள், ஒண்டுக்குடித்தனத்துக்கு நிரந்தரப் பட்டாவும் அதே விதியில்தான் கிடைத்தது. 47 பேர், ஒரு வீடு, ஒரு மீட்டர்.

திரையில் கிடைத்த விடை: டிரம் மேப்

1985-ல் வந்த அடாரி எஸ்.டி. கணினியில் மிடி ஓட்டைகள் பிறவியிலேயே இருந்தன. அதனால் இசைக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். 1987-ல் டாஸ் கணினிகளுக்குக் கிரெக் ஹெண்டர்ஷாட் எழுதிய கேக்வாக் வந்தது. 1989-ல் அடாரிக்கு ஸ்டைன்பெர்க் கம்பெனியின் கியூபேஸ் வந்தது.

கியூபேஸில் டிரம்முக்கென்றே தனி எடிட்டர் இருந்தது. பியானோவுக்குக் கோடு கோடாக வரும் இடத்தில், டிரம்முக்குச் சின்னச் சின்ன வைரக் கட்டம் வரும். டிரம் தட்டினால் அவ்வளவுதான், அதற்கு நீளம் எதற்கு என்ற சரியான யோசனை. ஒவ்வொரு வரிசையும் ஒரு டிரம், இடது பக்கம் அதன் பெயர். அந்தப் பெயர்ப் பட்டியலுக்குத்தான் டிரம் மேப் என்று பெயர்.

இந்த மேப்பில் ஒவ்வொரு டிரம்முக்கும் உள்ளே வரும் கட்டை எண் ஒன்று, வெளியே போகும் கட்டை எண் ஒன்று. நீங்கள் கீபோர்டில் வசதியான கட்டையைத் தட்டலாம். பெட்டிக்கு வேறு எண் தேவையென்றால் மேப் மாற்றி அனுப்பும். மொழிபெயர்ப்பாளர் மாதிரி. அதோடு, ஒவ்வொரு டிரம்முக்கும் தனிச் சேனலும் தனி வெளியீடும் குறிக்கலாம். கிக் ஒரு மெஷினுக்கு, ஹை-ஹாட் இன்னொரு மெஷினுக்கு. தாளத்தோடு ஒட்ட வைக்கும் குவாண்டைஸ் அளவும் வரிசைக்கு வரிசை வேறு வைக்கலாம். தேவையில்லாத டிரம்மை மட்டும் வாய் மூட வைக்கலாம்.

கேக்வாக்கில் வேறு வழி. அதன் 'கால்' என்ற குட்டி நிரல் மொழியில், ஒரு டிராக்கில் உள்ள ஒவ்வொரு கட்டையையும் தனித்தனி டிராக்காகப் பிரித்துப் போடும் நிரல் ஒன்று கூடவே வந்தது. கிக் ஒரு டிராக், ஸ்னேர் ஒரு டிராக். பார்ப்பதற்குத் தனிக்குடித்தனம் போலத் தெரியும். ஆனால் எல்லா டிராக்கும் போய்ச் சேருவது அதே 10-ஆம் சேனலுக்கு. ஸ்னேர் டிராக்கில் ஒலி அளவைக் குறைத்தால் கிக்கும் சேர்ந்தே குறையும்! திரையில் சுவர் எழுப்பிவிட்டார்கள், மீட்டர் ஒன்றுதான்.

வெலாசிட்டி என்ற குறுக்கு வழி

சரி, ஸ்னேரை எப்படித்தான் குறைத்தார்கள்? பெரும்பாலும் வெலாசிட்டியை வைத்து. ஒவ்வொரு தட்டிலும் வேகம் என்ற எண் ஏற்கெனவே இருக்கிறதே, அது தட்டுக்குத் தட்டு தனி. கியூபேஸில் "கட்டை 38 ஆக இருந்தால் வேகத்தில் 20 கழி" என்று நிபந்தனை எழுதி ஒரே அடியில் மாற்றலாம்.

இதில் ஒரு சிக்கல். வேகம் வேறு, சத்தத்தின் அளவு வேறு. ஸ்னேரை மெதுவாகத் தட்டினால் சத்தம் குறைவதோடு அதன் குணமும் மாறும். பளீரென்று இருந்தது மொத்தையாகிவிடும். நல்ல பெட்டிகள் இந்த மாற்றத்தையும் காட்டும்படி செய்யப்பட்டவை. "பலமாக அடித்த ஸ்னேர், ஆனால் பின்னணியில் கேட்க வேண்டும்" என்று ஒருவர் விரும்பினால், வேகத்தைக் குறைத்து அதைப் பெற முடியாது. கோபமாகக் கத்துபவரைத் தூரத்தில் நிறுத்துவதும், அவரை மெல்லப் பேசச் சொல்வதும் ஒன்றா?

மூன்று எண் மந்திரம்

உண்மையான விடை பெட்டிகளின் உள்ளேதான் இருந்தது. எம்.டி.-32-லேயே ஒவ்வொரு டிரம் கட்டைக்கும் எந்தச் சத்தம், எவ்வளவு அளவு, எந்தப் பக்கம், எதிரொலி உண்டா இல்லையா என்று தனித்தனியாக எழுதலாம். ஆனால் அந்தக் கம்பெனிக்கே உரிய நீளமான ரகசியச் செய்தியாக அனுப்ப வேண்டும். கடைசியில் சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணக்குப் போட்டுச் சேர்க்க வேண்டும். அது தப்பினால் பெட்டி ஏற்றுக்கொள்ளாது.

1991-ல் ரோலண்ட் எஸ்.சி.-55 என்ற பெட்டியையும், ஜெனரல் மிடியின் மேல் கூடுதல் வசதிகள் சேர்த்த ஜி.எஸ். என்ற தன் முறையையும் கொண்டு வந்தது. அதில் வழி கொஞ்சம் எளிது. மூன்று கன்ட்ரோலர் செய்திகளை வரிசையாக அனுப்ப வேண்டும். உதாரணமாக ஸ்னேரின் சுருதியை 4 அரைச்சுரம் இறக்க வேண்டுமா?

கன்ட்ரோலர் 99-க்கு மதிப்பு 24. (சுருதியை மாற்றப் போகிறேன்.)
கன்ட்ரோலர் 98-க்கு மதிப்பு 38. (கட்டை 38, அதாவது ஸ்னேருக்கு.)
கன்ட்ரோலர் 6-க்கு மதிப்பு 60. (நடு மதிப்பு 64, அதிலிருந்து 4 கீழே.)

முதல் எண்ணை 24-க்குப் பதில் 26 என்று போட்டால் ஒலி அளவு, 28 என்றால் இட வலம், 29 என்றால் எதிரொலி. அவ்வளவுதான்! ஒண்டுக்குடித்தனத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சப் மீட்டர் வந்துவிட்டது. 1994-ல் யமஹா கொண்டு வந்த எக்ஸ்.ஜி. முறையும் இதே எண்களைப் பின்பற்றி, மேலும் சிலவற்றைச் சேர்த்தது. 20 என்று போட்டால் அந்த டிரம்மின் பில்டரையே திறந்து மூடலாம்.

ஆனால் இதையெல்லாம் நிகழ்வுப் பட்டியலில் கையால் தட்டச்ச வேண்டும். மூன்றும் அதே வரிசையில் போனால்தான் பலன். ஒரே நொடிப் புள்ளியில் மூன்றையும் வைத்தால் சில சீக்வென்சர்கள் வரிசையைக் கலைத்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் ஒரு டிக் தள்ளி வைப்பார்கள். பாட்டின் தொடக்கத்தில் பெட்டியைப் புதுசாக்கும் செய்தி போன பிறகு, அது மூச்சு வாங்கக் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். அதற்குள் மந்திரத்தைச் சொன்னால் அழிந்துவிடும். இத்தனை பாடும், 1980-ல் ஒரு திருகைத் திருப்பிச் செய்த வேலைக்கு.

பெட்டி கணினிக்குள் போனது

1996-ல் ஸ்டைன்பெர்க் வி.எஸ்.டி. முறையை வெளியிட்டது. 1999-ல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தபோது, வாத்தியங்களே மென்பொருளாகக் கணினிக்குள் ஓட ஆரம்பித்தன. 2003-ல் பி.எப்.டி., 2006-ல் ஈஸி டிரம்மர் போன்ற டிரம் மென்பொருள்கள் வந்தன. இவற்றில் ஒவ்வொரு டிரம்முக்கும் தனி ஒலி அளவு, தனி வெளியீடு. எல்.எம்.-1-ன் திருகுகள் திரையில் திரும்பி வந்துவிட்டன என்று சொல்லலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். இங்கே மிடி மாறவில்லை. தட்டு மட்டும் பழையபடி மிடியில் போகிறது. சத்தத்தைத் திருத்தும் வேலை மிடிக்கு வெளியே, மென்பொருளின் மிக்சருக்குப் போய்விட்டது. வீட்டைத் திருத்தாமல் குடித்தனக்காரர்களை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டார்கள்.

தொலைவது என்ன?

இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணம் சொல்கிறேன்.

முதலாவது, அந்தக் காலத்துக் கோப்புகள். மிடிக் கோப்பு முறை 1988-ல் வகுக்கப்பட்டது, இன்றும் எந்தக் கணினியும் திறக்கும். எனவே எல்லாம் பத்திரமாக இருப்பதாக நினைக்கிறோம். ஆனால் மேலே சொன்ன மூன்று எண் மந்திரம் அதே வகைப் பெட்டிக்குத்தான் புரியும். சாதாரண ஜெனரல் மிடிக் கருவி அதைக் காதில் வாங்காது. ஸ்னேர் தன் இயல்பான சுருதியிலேயே ஒலிக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. கேட்பவருக்கு எதுவும் தொலைந்ததாகவே தெரியாது. எம்.டி.-32 பெட்டியைக் கணினியில் போலச் செய்யும் 'மன்ட்' போன்ற நிரல்களை ஆர்வலர்கள் எழுதியது இதற்காகத்தான். கோப்பு மட்டும் போதாது, அதைக் கேட்கத் தெரிந்த பெட்டியும் வேண்டும்.

இரண்டாவது நமக்கு நெருக்கமானது. ஜெனரல் மிடியின் 47 தாளச் சத்தங்களில் போங்கோ உண்டு, கோங்கா உண்டு, பிரேசிலின் குயிக்காகூட உண்டு. மிருதங்கமும் தபலாவும் கிடையாது. சரி, ஏதோ ஒரு கட்டையில் மிருதங்கத்தை ஏற்றிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். தொப்பிப் பக்கத்தில் வரும் கும்கியை எப்படி எழுதுவது? தட்டிய பிறகு அந்த ஒரு நாதம் மட்டும் வளைந்து மேலே போக வேண்டும், வலது கைச் சொல் அசையக் கூடாது. சேனலின் சுருதி வளைவைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து வளையும். இரு கைக்கும் இரு சேனல் கொடுத்துச் சமாளிக்கலாம், ஆனால் அப்போது அது ஒரு வாத்தியமாக இல்லாமல் இரண்டாக எழுதப்படும். கீபோர்டை மனதில் வைத்து வகுத்த விதிக்குள் மிருதங்கம் முழுதாக உட்கார மறுக்கிறது.

2020-ல் மிடி 2.0 வெளியானது. அதில் 256 சேனல்கள். வெலாசிட்டி 127 படிகளோடு நிற்காமல் 65,000-க்கும் மேற்பட்ட படிகளாகப் பிரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நோட்டுக்கும் தனிக் கன்ட்ரோலர், தனிச் சுருதி வளைவு. அதாவது கிக்குக்கு ஒரு மீட்டர், ஸ்னேருக்கு ஒரு மீட்டர், கும்கிக்கும் ஒரு மீட்டர். மிடி பிறந்து 37 வருடம் ஆன பிறகு, எல்லா நோட்டுக்கும் உரிய பொது விதியாக இது எழுதப்பட்டது.

1983-ல் அதை வகுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. மலிவான சிப்பில் ஓட வேண்டும், போட்டிக் கம்பெனிகள் எல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டும். பாதி பைட்டை மிச்சம் பிடித்ததால்தான் மிடி பிழைத்தது. அந்தச் சிக்கனத்துக்கான வாடகையை டிரம்கள்தான் கொடுத்தன. ஒரு பொது விதி எழுதும்போது யார் மேஜையில் இல்லையோ அவர்கள் தலையில்தான் செலவு விழும் என்பது சத்தங்களுக்கும் பொருந்துகிறது. அடுத்த தடவை பழைய கணினி விளையாட்டின் பாட்டு எங்காவது கேட்டால், பத்தாம் நம்பர் வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தவர்களைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.